வயதான பூனைக்காக வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும்?

உங்கள் பூனைக்கு 14 வயது, முன்போல் ஏறி இறங்குவதில்லை, வீட்டில் என்ன மாற்றலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் செவலைக்கு இப்போது 16. பள்ளத்தூரில், அப்பத்தா வாழ்ந்துவரும் பழைய வீட்டில் எங்களோடு இருக்கிறான்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் வளவு (வீட்டுக்குள் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) மூலையில் மூத்திரம் போக ஆரம்பித்தான். அதுவரை தோட்டத்துக்குப் போய் மண்ணைப் பறித்து மூடிவிட்டு வருகிறவன். நான் அதட்டினேன். அப்பத்தா, "வயசாயிருச்சுப்பா, விடு" என்றார். ஒருநாள் மத்தியானம் அவன் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். வளவிலிருந்து தோட்டத்துக்கு மூன்று நிலைவாசல்; ஒவ்வொரு படியும் ஒரு சாண் உயரம். முதல் படியில் முன்னங்காலைத் தூக்கி வைத்தான். பின்னங்கால் ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு திரும்பி வந்து அந்த மூலையில் உட்கார்ந்தான். அன்றைக்கு நான் பட்ட வேதனை இன்னும் போகவில்லை.

அது மூட்டுத் தேய்மானம். 12 வயதைத் தாண்டிய பூனைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு அது இருக்கும். ஆனால் பூனை வலி என்று கத்தாது, நொண்டுவதுகூட அபூர்வம். குதிப்பதை நிறுத்தும், முதுகை நக்கிச் சுத்தம் செய்வதைக் குறைக்கும், தூணில் நகம் பிறாண்டாது. நாம் அதைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்கிறோம். பிறாண்டாததால் நகம் வளர்ந்து வளைந்து பாதத்திலேயே குத்தும். மாதம் ஒருமுறை பார்த்து நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் பெரிய எதிரி தரைதான். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுப்பார்கள், அதனால்தான் அந்த வழவழப்பு. போதாததற்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக்குவோம். எண்ணெயை நிறுத்தினேன். அவன் நடக்கும் தடம் முழுக்கப் பழைய ஜமக்காளம் விரித்து, நகராமல் இருக்க அடியில் ரப்பர் வலை போட்டேன். "மறைச்சு வைக்கவா இம்புட்டு அழகாக் கல்லுப் பதிச்சாக?" என்று அப்பத்தாவுக்கு வருத்தம். ஆனால் செவலை வழுக்காமல் நடந்ததைப் பார்த்த மறுநாள், தன் பழைய கண்டாங்கிச் சேலை இரண்டை அவரே எடுத்துக் கொடுத்தார். அதை மடித்து ஓர் அகலக் கூடையில் போட்டதுதான் இன்றைக்கும் அவன் படுக்கை. மார்கழியில் குளிர்ந்த கல்லில் படுத்தால் மூட்டு இன்னும் இறுகும்.

நிலைப்படிகளுக்கு இரண்டு பக்கமும் பாதி உயரத்தில் பலகை வைத்தோம். திண்ணைக்கு ஒரு முக்காலி. தோட்டம் வரை போகவேண்டாம் என்று வளவிலேயே ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சலித்த மணல் வைத்தோம். தொட்டியின் ஒரு பக்கத்தை நாலு விரல் உயரத்துக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கியிருக்கிறோம். மூலை அசிங்கமாவது அன்றோடு நின்றது. ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். வயதான கண்ணுக்கு இருட்டு பழையபடி பிடிபடாது. கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் மூடி அவசியம்.

சாப்பாட்டில் ஒன்று: நம் மீன்குழம்பிலிருந்து துண்டை எடுத்துப் போடாதீர்கள். சின்ன வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். தனியாக வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள். தண்ணீரை இரண்டு மூன்று இடத்தில் அகலக் கிண்ணத்தில் வையுங்கள். திடீரென்று அதிகமாகக் குடித்தால், அதிகமாக மூத்திரம் போனால், சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் காட்டுங்கள். மாதாமாதம் பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள், பிறகு உங்கள் எடையைக் கழியுங்கள். நாலு கிலோ பூனை 400 கிராம் குறைந்தால் அது பத்தில் ஒரு பங்கு.

வலிக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். தெரிந்தவர் ஒருவர் பாசத்தில் கொடுக்கப்போனார், கையைப் பிடித்துத் தடுத்தேன்.

கால்நடை மருத்துவரிடம் போகும் முன், பூனை வீட்டில் நடப்பதையும் படி ஏறுவதையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மேசையில் வைத்ததும் பயத்தில் ஒடுங்கி உட்கார்ந்துகொள்ளும், ஒன்றும் தெரியாது. செவலைக்கு மூட்டில்தான் கோளாறு என்று மருத்துவர் சந்தேகப்பட்டதே, அந்த முதல் நிலைப்படியில் நான் எடுத்த அரை நிமிட வீடியோவைப் பார்த்துத்தான்.