கர்ப்பப்பை இறக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பி அறுவை செய்துகொண்டவர்களுக்கு அது திருப்தியாக இருக்கிறதா?

என் அம்மாவுக்குச் செய்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது கேட்டால், "நல்லா இருக்கேன், முன்னாடியே பண்ணியிருக்கலாம்" என்பார். அறுவை முடிந்த ஒரு மாதத்தில் கேட்டிருந்தால், "எதுக்குடி பண்ணினோம்" என்று அழுதிருப்பார்.

அடியில் பந்து போல ஏதோ தட்டுப்படுவதை அம்மா ஆறு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்ததும் முதலில், இறங்கியதைத் தாங்கிப் பிடிக்க உள்ளே ரப்பர் வளையம் வைத்துப் பார்த்தோம். அவருக்கு அது நிற்கவில்லை. அப்புறம்தான் லேப்ராஸ்கோப்பி. வயிற்றில் நாலு சின்னத் துளை போட்டு, இறங்கிய பகுதியை ஒரு வலைத்துண்டால் முதுகுத்தண்டின் அடி எலும்போடு இழுத்துக் கட்டினார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

வலை என்றதும் வீட்டில் பயந்தார்கள். 2019இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ விற்பனையை நிறுத்தச் சொன்னது, இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியாக வைக்கும் வலையை. வயிற்று வழியாக வைப்பது அதில் சேராது. ஆனால் இதிலும் வலை சதையை அரித்துக்கொண்டு வெளியே வர வாய்ப்பு உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே சம்மதியுங்கள்.

அம்மாவுக்குப் பந்து தட்டுவது அன்றோடு போனது. ஆனால் இருமினால், தும்மினால் சிறுநீர் சொட்ட ஆரம்பித்தது. முன்பு அது இல்லவே இல்லை. பரிசோதித்த டாக்டர் "எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறது" என்றார். அவர் சொன்னது உண்மைதான், அம்மா பட்ட பாடும் உண்மைதான். உறுப்பு இறங்கியிருந்தபோது சிறுநீர்க் குழாய் மடங்கி, கசிவை மறைத்திருக்கிறது. தூக்கிக் கட்டியதும் குழாய் நேராகிவிட்டது. அறுவைக்கு முன்பே, இறங்கியதை மேலே தள்ளிப் பிடித்து இருமச் சொன்னால் சிலருக்கு இதைக் கண்டுபிடித்துவிடலாம். எங்களுக்கு அப்படி யாரும் பார்க்கவில்லை, சொல்லவும் இல்லை.

பிசியோதெரபி பெண் ஒருவர் இடுப்பின் அடித்தசைக்கான பயிற்சி சொல்லிக்கொடுத்தார். நாலைந்து மாதத்தில் கசிவு நன்றாகக் குறைந்தது. இப்போது வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும் பேட் வைத்துக்கொள்கிறார்.

அதனால் அறுவைக்குப் போவதற்கு முன், உங்களைப் படுத்துவது எது என்று ஒவ்வொன்றாக டாக்டரிடம் சொல்லுங்கள்: தட்டுவதா, சிறுநீரா, மலச்சிக்கலா, தாம்பத்தியத்தில் வலியா? இதில் எது போகும், எது போகாது, புதிதாக எது வரலாம் என்று கேளுங்கள். முதல் ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, முக்கி மலம் கழிக்கக் கூடாது. அதற்கு வீட்டில் யார் உதவுவார்கள் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

கூச்சமாக இருந்தால் கூட வருபவர் கேட்கட்டும். அம்மாவுக்காக நான்தான் கேட்டிருக்க வேண்டும்.