பொன்னுக்கு வீங்கியும் ஓர் ஆயரும்

அன்புள்ள ஐயா,
நிக்கோலஸ் ஸ்டெனோவைப் பற்றி வாசித்தேன். பாறை அடுக்குகளில் அடியில் கிடப்பதே மூத்தது என்று 1669-இல் எழுதியவர். அந்த நூல் வெறும் முன்னுரைதான் என்றவர், முழு நூலை எழுதாமலே கத்தோலிக்க ஆயராகிவிட்டார். ஏன் எழுதவில்லை? மதம் ஒரு மேதையை விழுங்கி வீணாக்கிவிட்டது என்று சொல்லலாமா?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகச் சொல்லலாம். காசா, பணமா? முழு நூலைப் பற்றி வேறொரு நாள் பேசுவோம். அந்த ‘வீண்’ என்ற சொல்தான் உறுத்துகிறது.

எட்டு வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. ஆச்சி தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்தாலே காதடியில் சுருக்கென்று இழுக்கும், அழுவேன். ஏன் இழுத்தது என்பது ஸ்டெனோவைப் படித்தபோதுதான் புரிந்தது. 1660-இல், 22 வயதில், ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு குழாய். உள்ளே விட்ட கம்பி பல்லில் முட்டிச் சத்தம் கேட்டது. காதடிச் சுரப்பியிலிருந்து எச்சில் வாய்க்கு வரும் வழி அது. பொன்னுக்கு வீங்கியில் வீங்குவது அந்தச் சுரப்பிதான்; ஊறுகாய் வாசனைக்கு அது எச்சில் சுரக்கப் பார்த்தால் இழுக்காதா? மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தை நாக்கால் தடவுங்கள், சிறு மேடு தட்டுப்படும். அந்தக் குழாய்க்கு இன்றும் அவர் பெயர்தான். கண்டுபிடித்தது நானே என்று அவருடைய ஆசிரியர் பிளாசியஸ் சண்டைக்கு வந்தது தனிக் கதை.

ஆயரானபின் அந்த மனிதர் என்ன செய்தார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி உண்டா? தேடிப் பார்க்காமலே வீண் என்று தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். லூத்தரன் குடும்பத்தில் பிறந்து 1667-இல் கத்தோலிக்கரானார். 1677-இல் ஆயர். கத்தோலிக்கர் அருகிப்போயிருந்த வட ஜெர்மனியில் அலைந்தார். 1683-இல் மூன்ஸ்டரில் ஆயர் தேர்தலில் பணம் விளையாடியது. எதிர்த்துவிட்டு ஊரைவிட்டே போனார். பாறையில் கிடைத்த விசித்திரக் கல்லைச் சுறாவின் பல் என்று சொன்ன அதே வாய்தான் லஞ்சத்தையும் லஞ்சம் என்றது. ஆள் எங்கே மாறினார்?

பொற்கொல்லரின் மகன் அவர். ஏழைகளுக்காகத் தன் ஆயர் மோதிரத்தை விற்றார். 1686-இல் ஷ்வேரினில் இறந்தபோது வயது 48.

ஆச்சியின் சங்கிலி பக்கத்து வீட்டுப் பிரசவச் செலவுக்காக அடகுக்குப் போய் மூழ்கிவிட்டது. வீண் என்றுதான் எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.