'வின்டேஜ்' கல்யாண கவுன் என்கிறார்களே, அது பழைய கவுனா? ஏன் அவ்வளவு விலை?

கடைகளில் அந்தப் பேரில் விற்பது பெரும்பாலும் பழைய கவுன் இல்லை. பழையதையே போட்டுக்கொண்டவர்களும் உண்டு, 2020இல் இங்கிலாந்து இளவரசி பியாட்ரிஸ் தன் கல்யாணத்துக்குப் பாட்டி எலிசபெத் ராணியின் உடையைத்தான் போட்டார், நார்மன் ஹார்ட்னெல் 1960களில் தைத்தது, கை மட்டும் புதிதாக வைத்தார்கள். நீங்கள் கேட்பது வேறு: புதுத் துணி, பழைய காலத்து வெட்டு.

அந்த வெட்டில்தான் எல்லாமே இருக்கிறது. நாலு முழம் லேஸ், ஒரு வரிசை முத்து, 'வின்டேஜ்' என்று ஒரு சீட்டு, இப்படி விற்பவர்கள்தான் அதிகம். சர்ச் கல்யாண கவுன் தைக்கிற இடத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்ததால் சொல்கிறேன்.

1930களின் பாணியை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்போடு வழுக்கிக்கொண்டு இறங்கும் சாட்டின் கவுன். பாரிஸில் மதலீன் வியோனே என்ற உடை வடிவமைப்பாளர் பேர் வாங்கிய வேலை அது. நம் டெய்லர்கள் 'கிராஸ் கட்டிங்' ஜாக்கெட் என்பார்களே, அதேதான். துணியை நேராக வைக்காமல் 45 டிகிரி சாய்த்து வெட்டுவது. அந்த அம்மா முழு கவுனையும் அப்படி வெட்டினார், அதுவும் முதலில் ஒரு சின்ன மரப் பொம்மைக்குச் சுற்றிப் பார்த்துவிட்டு. சாய்த்து வெட்டினால் துணி இழுபடும், உடம்புக்கு ஏற்றபடி வளையும். ஆனால் தன் கனத்திலேயே தொங்கி நீளவும் செய்யும்! இது தெரியாமல் நான் முதன்முதலில் ஒரு கவுனுக்கு வெட்டிய அன்றைக்கே கீழ்மடிப்பு அடித்துவிட்டேன். மூன்றாம் நாள் போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் இரண்டு விரல் அதிகமாகத் தொங்குகிறது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து பிரித்து அடித்தேன். ஒரு நாளாவது ஹேங்கரில் தொங்கவிட்டு அப்புறம்தான் மடிக்க வேண்டும்.

1950களின் பாணி நேர் எதிர். 1947இல் பாரிஸ் உடை வடிவமைப்பாளர் டியோர் காட்டிய ஒட்டிய இடுப்பு, குடை மாதிரி பாவாடை, அதன் வழியில் வந்தது. அதற்கு உள்ளேதான் வேலை: எலும்பு என்று சொல்கிற விறைப்பான பட்டிகள் வைத்த உள்சட்டை, அடுக்கடுக்காக வலைத்துணி. வெளியே தெரிவது பாதிதான்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். அசல் கூத்தூர், அதாவது ஒருவருக்கென்றே அளவெடுத்துத் தைக்கிற உயர்தர உடை என்றால் முதலில் காடாத் துணியில் ஒரு முழு கவுன் தைத்து, அளவு பார்த்து, அப்புறம்தான் பட்டில் கத்திரி வைப்பார்கள். பல பேர் 1956இல் ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லி தன் கல்யாணத்துக்குப் போட்டதோடு ஒப்பிட்டார்களே, 2011இல் இங்கிலாந்து இளவரசர் வில்லியமைக் கட்டிக்கொண்ட கேட் மிடில்டனின் கவுன், அதற்கு லேஸ் பதித்தவர்கள் அரை மணிக்கு ஒருமுறை கை கழுவி, மூன்று மணிக்கு ஒருமுறை ஊசி மாற்றினார்களாம். கூலிதான் விலை.

கடைக்குப் போனால் கவுனை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையல் ஓரம் நன்றாக விட்டிருக்கிறதா, 1950களின் பாணி என்றால் உள்சட்டை இருக்கிறதா, அவ்வளவுதான். முதுகில் பட்டன் வரிசை ஆசையாக இருந்தால் பட்டன்களுக்கு அடியில் ஜிப் வைக்கச் சொல்லுங்கள். கேட்டின் முதுகில் 58 பட்டன். அத்தனையும் போட்டுவிட பொறுமையான ஒரு அத்தையாவது வேண்டும்.