அன்றாடச் செய்திகளைப் பற்றி மதப் பெரியவர்கள் வானொலியில் கருத்துச் சொல்வது தேவையா?

தேவை என்றுதான் சொல்வேன். தன் மதத்தார் அல்லாதவர்களிடமும் பேச வேண்டும், சுருக்கமாகப் பேச வேண்டும். அவ்வளவுதான்.

நான் லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். காலை ஏழே முக்கால் வாக்கில் பிபிசி ரேடியோ 4-இல் செய்திகளுக்கு நடுவே ‘தாட் ஃபார் தி டே’ வரும். மூன்று நிமிடம்கூட இருக்காது. பாதிரியார், யூத ரபி, முஸ்லிம், இந்து, சீக்கியர் என நாளுக்கு ஒருவர், நாட்டு நடப்பைத் தங்கள் மரபின் வழியே பார்ப்பார்கள். 1970-இலிருந்து நடக்கிறது. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் சுவை உடனே பிடிபடும். இதில் பல ஆண்டுகள் பேசிய ரபி லயனல் புளூவும் தென்கச்சியாரைப் போலவே கடைசியில் ஒரு நகைச்சுவை சொல்லித்தான் முடிப்பார்.

கோயிலிலோ சர்ச்சிலோ பேசினால் தலையாட்ட ஆள் இருக்கும். இங்கே கேட்பவர் பல் தேய்த்துக்கொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ இருப்பார், நம்பிக்கையே இல்லாதவராகவும் இருப்பார். அவருக்கும் புரிகிற மாதிரி பேசியாக வேண்டும். அந்தக் கட்டாயம்தான் பேச்சைச் செதுக்குகிறது.

ஆனால் யாருக்கும் வலிக்காமல் பேசு என்று நெருக்கினால் பேச்சு சப்பென்று ஆகிவிடும். சீக்கியரான இந்தர்ஜித் சிங் 35 ஆண்டுகள் பேசிவிட்டு 2019-இல் விலகினார். சீக்கியர்களின் ஒன்பதாம் குரு தேக் பகதூரைப் பற்றிய தன் பேச்சு முஸ்லிம்களைப் புண்படுத்தலாம் என்று தடுக்கப் பார்த்தார்கள் என்பது அவர் சொன்ன குறை. பிபிசி அதை மறுத்தது. சீக்கிய மரபுப்படி அந்தக் குரு 1675-இல் டெல்லியில், முகலாயப் பேரரசர் ஔரங்கசீப்பின் ஆட்சியில், உயிரைக் கொடுத்தது தன் மதத்துக்காக அல்ல, இந்துக்களின் வழிபாட்டு உரிமைக்காக. அடுத்தவன் நம்பிக்கைக்காகச் செத்தவரின் கதையைவிட இந்தக் காலத்துக்கு வேறு எது வேண்டும்?

இன்னொரு குறையும் உண்டு. மத நம்பிக்கை இல்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை. அதில் விதிமீறல் எதுவும் இல்லை என்று 2009-இல், அப்போது பிபிசியை மேற்பார்வையிட்ட பிபிசி டிரஸ்ட் சொல்லிவிட்டது. எனக்கு அது சரியாகப் படவில்லை, அதற்குக் காரணம் எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு தாத்தா. சாமியே இல்லை என்பார். ஆனால் அந்த நேரம் வந்தால் நான் நீட்டும் ஓட்ஸ் கஞ்சிக் கரண்டியைக் கையால் மறித்து “கொஞ்சம் இரு” என்பார். முடிந்ததும் சில நாள் “சரி, கொடு”. சில நாள் ரேடியோவோடு வாக்குவாதம்.

2022 டிசம்பரில் நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செய்த நாட்களில், “உங்களுக்கு மூன்று நிமிடம் கொடுத்தால் என்ன பேசுவீர்கள்?” என்று கேட்டேன். அன்று ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நான் உள்ளே நுழைந்ததும், “பேனா வைத்திருக்கிறாயா? எழுதிக்கொள்” என்றார்.