தாய்லாந்தில் குழந்தைகளோடு குடியிருப்பதில் அன்றாடம் கிடைக்கும் சந்தோஷங்கள் என்னென்ன?

நாங்கள் பாங்காக் வந்து ஆறு வருஷம் ஆகிறது. பெரியவளுக்கு ஒன்பது வயது. சின்னவனுக்கு ஐந்து, அவன் பிறந்ததே இங்கேதான். சிலோம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் வீடு. இங்கே சந்துக்கு 'சோய்' என்று பெயர். 'அன்றாடம்' என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால் தீவு, கடற்கரை பக்கமெல்லாம் நான் போகவில்லை.

குழந்தையைப் பார்த்ததும் இந்த ஊர் ஜனங்களின் முகம் மலர்கிறதே, எனக்கு அதுதான் முதல் சந்தோஷம். சின்னவன் கைக்குழந்தையாக இருந்தபோது சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் போதும், பரிமாறுகிற பெண் "நாராக், நாராக்" என்று கை நீட்டி அவனை வாங்கிக்கொள்வாள். செல்லம், அழகு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடங்கும். நாங்கள் சூடு ஆறாமல் சாப்பிட்டு முடிக்கும் வரை கல்லாவுக்குப் பக்கத்தில் யார் மடியிலாவது இருப்பான். பிள்ளை பெற்று மூன்று மாதம், அம்மாவும் மாமியாரும் ஊருக்குத் திரும்பிவிட்ட சமயம் அது. அந்தச் சூடான சோற்றின் அருமை எனக்குத்தான் தெரியும்.

எங்கள் சோய் முனையில் காலையில் 'கனோம் க்ரோக்' போடும் அம்மாவைப் பிள்ளைகள் 'பா' என்று கூப்பிடுவார்கள். தாய்லாந்து மொழியில் பா என்றால் பெரியம்மா. அவருடைய கல் அப்படியே நம் குழிப்பணியாரக் கல்தான், வட்டம் மட்டும் பெரிது. அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்த மாவைக் குழிகளில் ஊற்றி, பாதி வெந்ததும் மேலே கெட்டிப்பால் விட்டு, வெங்காயத்தாளோ சோளமோ தூவி மூடி வைப்பார். திருப்பிப் போடுவது கிடையாது. ஓரம் முறுகி, நடுவில் தளதளவென்று இருக்கும்போதே கரண்டியால் நெம்பி எடுத்து, இரண்டிரண்டாக முகம் சேர்த்து வைத்துக் கொடுப்பார். "கின் காவ் ரூ யாங்?" என்று சின்னவனிடம் கேட்பார். சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நம் ஊரில் நலம் விசாரிப்பதும் இதே கேள்வியால்தானே! வீட்டில் இட்லி தின்ற வாயோடு இவன் "இன்னும் இல்லை" என்பான். ஒன்று கூடுதலாக வரும்.

உறவுப் பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் மதுரைக்காரி. எங்கள் வீட்டில் அம்மாச்சியும் அப்பத்தாவும் வேறு வேறு பெயர். தாய்லாந்து மொழியிலும் அப்படித்தான்: அம்மாவின் அம்மா 'யாய்', அப்பாவின் அம்மா 'யா'. பள்ளியில் இதைக் கற்றுக்கொண்டு வந்த அன்றைக்குப் பெரியவள் வீடியோ அழைப்பில் இரண்டு பேரையும் முறையாகக் கூப்பிட்டுக் காட்டினாள். என் அம்மாவுக்கு யாய் பிடித்துப்போயிற்று.

இதற்கெல்லாம் மேலே நான் வைப்பது பள்ளியில் நடக்கும் 'வாய் க்ரூ' நாளை. வாய் என்பது கைகூப்பி வணங்குவது, க்ரூ நம் குருவேதான். பெரும்பாலும் ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை நடக்கும். இங்கே வியாழனின் பெயரும் பிரகஸ்பதியிலிருந்து வந்தது. முதல் வருஷம் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் படத்தோடு அனுப்பியிருந்தார். பார்த்தால் ஒன்று இட்லிப்பூ, ஒன்று கத்தரிப்பூ, மூன்றாவது அருகம்புல்! நான் படத்தைப் பெரிதாக்கி இரண்டு தரம் பார்த்தேன். இட்லிப்பூவுக்கு இங்கே ஊசிப்பூ என்று பெயர், புத்தி ஊசிபோல் கூர்மையாக இருக்க வேண்டுமாம். கத்தரிப்பூ தலைகுனிந்து பூப்பதால் அது பணிவுக்கு. அருகம்புல் மிதித்தாலும் வெட்டினாலும் மறுபடி தழைத்துப் படரும் அல்லவா, படிப்பும் அப்படிப் படர வேண்டும் என்று.

முந்தின நாள் ராத்திரி பாக் க்லோங் தலாட் பூச்சந்தைக்குப் போனோம். அந்த நேரத்திலும் மல்லிகையும் செவ்வந்தியும் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து மூவரும் தரையில் உட்கார்ந்து, வாழையிலையை மடித்துத் தைத்துப் பூவைச் செருகினோம். மறுநாள் அவள் மண்டியிட்டு நகர்ந்துபோய், தட்டை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, தலை தரையில் படும்படி வணங்கினாளாம். சாயங்காலம் வந்ததும், "அம்மா, நம்ம பிள்ளையார் புல்லை மிஸ்ஸுக்குக் குடுத்துட்டேன்" என்றாள். பிள்ளைகள் தமிழை, நம் பழக்கங்களை மறந்துவிடுவார்களோ என்ற பயத்தோடு வந்தவள் நான். அன்றைக்கு அந்தப் பயம் பாதியாகக் குறைந்தது.

கஷ்டம் இல்லாமல் இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்றில் தூசுப்புகை மோசமாக இருக்கும், பிள்ளைகளை வெளியே விட முடியாத நாட்கள் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் மீன், இறைச்சி சேராத சாப்பாட்டைக் குறிக்கும் 'ஜே' என்ற சொல்லையும், அதை விற்கும் கடைகளில் இருக்கும் மஞ்சள் கொடியையும் வந்த அன்றே தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு விழுந்துவிடும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான் என்கிற தாய்லாந்துப் புத்தாண்டு, நம் சித்திரைப் பிறப்பும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. காலையில் பெரியவர்கள் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி ஆசி வாங்கிய பிள்ளைகள், அப்புறம் நாள் முழுக்கத் தெருவில் நனைவார்கள்.

சாயங்காலங்களில் லும்பினி பூங்காவுக்குப் போவோம். ஏரிக்கரையில் ஆள் நீளத்துக்கு நீர் உடும்புகள் சாவதானமாக நடக்கும். பிள்ளைகள் தள்ளி நின்று எண்ணுவார்கள். ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். ஓடிக்கொண்டிருப்பவர்கள் அத்தனை பேரும் அங்கங்கே அப்படியே நிற்பார்கள். சின்னவனும் மூச்சு வாங்க, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்பான். பாட்டு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து எல்லாரும் ஓடத் தொடங்குவார்கள், அவனும்.