பின்னங்கால்கள் தளர்ந்த ஆமை மீண்டும் நடக்குமா?

கேள்வி: கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது தளத்தில் வசிக்கிறோம். என் மகன் நான்கு ஆண்டுகளாக ஒரு சுல்காட்டா ஆமையை வளர்த்து வருகிறான். ஓட்டின் நீளம் ஒரு சாண் இருக்கும். இரண்டு மாதங்களாக அது பின்னங்கால்களை ஊன்றாமல், வயிற்று ஓடு தரையில் உரச, முன்னங்கால்களால் மட்டுமே இழுத்துக்கொண்டு நகர்கிறது. வெள்ளரிக்காய், தக்காளி, பாலக்கீரை கொடுக்கிறோம். நல்ல வெயில் விழும் கண்ணாடிச் சன்னலோரம்தான் அதன் தொட்டி இருக்கிறது. இது பக்கவாதமா? நல்லெண்ணெய் தடவிக் காலை உருவிவிடலாமா? கால்சியம் சிரப் கொடுத்தால் போதுமா? (வாசகி, கோவை)

பதில்: இதைப் பக்கவாதம் என்று இப்போதே முடிவுகட்ட வேண்டியதில்லை, அம்மா. ஆமையின் பின்னங்கால்கள் தளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் காலில் இருப்பதில்லை. எலும்பிலோ, இடுப்புக் கூட்டுக்குள் எதையாவது அடைத்துக்கொண்டிருக்கும் வயிற்றிலோதான் இருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் உணவையும் தொட்டி இருக்கும் இடத்தையும் பார்க்கும்போது, கால்சியம் பற்றாக்குறையால் எலும்பு மென்மையாகிவிடும் நோயையே நான் முதலில் சந்தேகிக்கிறேன்.

வெயில் விழும் சன்னலோரம் என்கிறீர்கள். வெளிச்சமும் சூடும் கண்ணாடியைக் கடந்து வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் தோலில் வைட்டமின் டி3 உருவாகத் தேவையான புற ஊதா பி கதிரைச் சாதாரண சன்னல் கண்ணாடி ஏறத்தாழ முழுவதுமாகவே தடுத்துவிடுகிறது. டி3 இல்லாமல் குடல் கால்சியத்தை உறிஞ்சாது; ரத்தத்தில் கால்சியம் குறையும்போது கால்சியம் அளவைச் சீராக வைக்கும் பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து அதை உருவி எடுத்து ஈடுகட்டும். இதற்கு மேல், பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள், இருக்கிற கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெள்ளரிக்காயில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆமை என்றாலே வெள்ளரிக்காய் என்ற எண்ணம் நம் வீடுகளில் எப்படியோ வேரூன்றிவிட்டது. சுல்காட்டாவோ சஹாராவின் தென்விளிம்பில் காய்ந்த புல்லை மேய்ந்து வாழ்கிற உயிரினம்.

நீங்களே ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம். மேலோட்டின் ஓரத்தையும் வயிற்று ஓட்டின் நடுப்பகுதியையும் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். குஞ்சுப் பருவத்தில் ஓடு சற்று நெகிழ்வது இயல்பு. நான்கு வயதில் அது சிறிதும் அமுங்கக் கூடாது. அடுத்து, அது சிறுநீருடன் வெளியேற்றும் வெள்ளைப் பொருளைக் கவனியுங்கள். அது சுண்ணாம்புக் குழம்பு போல மிருதுவாக இருந்தால் கவலையில்லை. விரலில் தேய்க்கும்போது மணல் மணலாக நெருடினால் உடலில் நீர் குறைந்திருக்கிறது என்று பொருள். நீர் குறைந்த சுல்காட்டாக்களுக்குச் சிறுநீர்ப்பையில் இந்த வெள்ளைப் பொருளே இறுகி யூரேட் கல்லாக உருவாவது மிகச் சாதாரணம். அந்தக் கல் இடுப்புக் கூட்டில் இறங்கி நரம்புகளை அழுத்தினால் பின்னங்கால்கள் இதே போலத்தான் தளரும். மலச்சிக்கல், தொட்டியில் உள்ள கூழாங்கல்லை விழுங்கியது, கீழே விழுந்ததால் ஏற்பட்ட முதுகெலும்பு முறிவு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். வளர்ந்த பெண் ஆமையாக இருந்தால் முட்டை தங்கிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். உங்கள் ஆமையின் அளவுக்கு அது அநேகமாக இராது.

இவற்றையெல்லாம் பிரித்தறிய எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். எலும்பின் அடர்த்தி, கல், முறிவு மூன்றும் அதில் தெரிந்துவிடும். கூடவே ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், யூரிக் அமிலம் ஆகிய அளவுகளையும் பார்ப்பது நல்லது. அதற்கு முன் சிரப் எதையும் தொடங்க வேண்டாம். மனிதர்களுக்கான சிரப்புகள் சிலவற்றில், கால்சியத்துக்கு எதிராக வேலை செய்யும் பாஸ்பரஸும் இருக்கும். டி3 அளவுக்கு மீறினால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாய்களிலும் கால்சியம் படிந்துவிடும். எண்ணெய் தடவி உருவுவதும் வேண்டாம், ஏனெனில் மென்மையான எலும்பு அந்த அழுத்தத்திலேயே முறியக்கூடும். நாய்க்கும் மாட்டுக்கும் பயன்படும் ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து ஆமையைக் கொன்றுவிடும் என்பதால், யார் பரிந்துரைத்தாலும் அதை ஏற்காதீர்கள். ஊசி போட நேர்ந்தால் உடலின் முன்பாதியில் போடும்படி மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. ஆமையின் பின்னுடலிலிருந்து திரும்பும் ரத்தம் சிறுநீரகம் வழியாகச் செல்லக்கூடும் என்பதால், அங்கே போட்ட மருந்தின் பலன் குறையலாம்.

மருத்துவமனைக்குச் செல்லும் வரையிலும், சென்று வந்த பின்னும், வீட்டில் செய்ய வேண்டியவை உள்ளன. தினமும் ஒருமுறை, தாடைக்குக் கீழே நிற்கும் அளவுக்கு வெதுவெதுப்பான நீரில் பதினைந்து இருபது நிமிடம் ஆமையை இருக்க விடுங்கள்; அந்த நேரத்தில் அருகிலேயே இருங்கள். பெரும்பாலான ஆமைகள் அதிலேயே நீரருந்தி, கழிவையும் வெளியேற்றிவிடும். காலை எட்டு மணிக்கு மேல் அரைமணி நேரமாவது நேரடி வெயிலில், பாதி நிழலாக உள்ள திறந்த பெட்டியில் விடுங்கள். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் உள்ளே சூடு ஏறி ஒரு மணி நேரத்துக்குள் உயிரே போய்விடலாம். வெயில் கிடைக்காத நாட்களுக்குப் புற ஊதா பி விளக்கு வேண்டும். அது எரிந்துகொண்டிருந்தாலும் கதிரின் வீரியம் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் குறைந்துவிடும் என்பதால் குழலை மாற்றியாக வேண்டும். குளிர்காயும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ் அளவு சூடு இருந்தால்தான் உண்டது செரிக்கும்.

உணவில் அருகம்புல்லும் காய்ந்த புல்லும் முக்கால் பங்குக்கு மேல் இருக்கட்டும். செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சேர்க்கலாம். முருங்கைக்கீரையை அளவோடு கொடுக்கலாம். தக்காளி, பழம், சோறு, ரொட்டி, நாய்த் தீனி எதுவும் வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓட்டை ஒரு துண்டு போட்டு வைத்தால், தேவைப்படும்போது அதுவே கொறித்துக்கொள்ளும்.

வழுவழுப்பான டைல்ஸ் தரையில் கால் ஊன்ற முடியாது. தேங்காய் நார்ப் பாயை விரியுங்கள். வயிற்று ஓடும் தொடைத் தோலும் உரசிப் புண்ணாகிறதா என்று தினமும் பாருங்கள். முறிவு இல்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்த பின், வெதுவெதுப்பான நீர்க் குளியலின்போது கால்களை மெல்ல நீட்டி மடக்கலாம். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

உணவை அறவே மறுத்தாலோ, முன்னங்கால்களும் துவண்டாலோ, தசை துடித்தாலோ, முக்கிக்கொண்டே இருந்தும் கழிவு வராவிட்டாலோ, கழிவுத் துளை வழியாகச் சதை வெளியே தள்ளினாலோ, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஊர்வன மருத்துவத்தில் அனுபவமுள்ளவர் உள்ளூரில் கிடைக்காவிட்டால், சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

எலும்பு நோய்தான் என்று உறுதியானால், தேறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். பசி திரும்புவது முதல் அறிகுறி. வயிற்று ஓட்டைத் தரையிலிருந்து தூக்கி நான்கு அடி எடுத்து வைப்பது அடுத்தது. ஏற்கெனவே கோணிய ஓடு நேராகாது, ஆனால் அதனால் நடை பெரும்பாலும் கெடாது. முதுகெலும்பே முறிந்திருந்தால் நிலைமை வேறு. அப்போதும் வயிற்று ஓட்டின் அடியில் சிறு சக்கரங்களைப் பொருத்தி நடமாட வைக்க வழியுண்டு.

கடைசியாக, உங்களிடம் இருப்பது சுல்காட்டாதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன் ஓடு கோலம் ஏதுமின்றி மணல் நிறத்தில் இருக்கும். ஓட்டில் மஞ்சள் நட்சத்திரக் கோடுகள் இருந்தால் அது நம் நாட்டு நட்சத்திர ஆமை. அதை வீட்டில் வைத்திருப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், வனத்துறையிடம் ஒப்படைத்து அவர்கள் வழியாகவே சிகிச்சை பெற வேண்டும். சுல்காட்டாவாக இருந்தாலும், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும்.