பழைய டெஸ்க்டாப்பில் எஸ்எஸ்டி போட்டால் ஏன் வேகமாகிறது?

எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகமே இல்லாமல், சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் டிரைவ். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றினாலும், படிக்கும் முனை நகர்ந்து, கேட்ட இடமும் அதற்கு அடியில் வந்து சேரப் பத்து மில்லிசெகண்டுக்கு மேல் ஆகலாம். ஒரு தடவைக்கு அது சின்ன நேரம்தான். ஆனால் விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளை இப்படித் தேடுகிறதே! எஸ்எஸ்டியில் ஒரு மில்லிசெகண்டுகூட ஆகாது. மளிகைக் கடைக்காரர் ஒவ்வொரு பொருளுக்கும் குடோனுக்கு நடப்பதற்கும், கைக்கெட்டும் அலமாரியில் எடுத்துத் தருவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ராம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) 4 ஜிபி என்றால் அப்புறம் அதையும் 8 ஆக்குங்கள். முதல் செலவு எஸ்எஸ்டிக்கே என்பேன். சாட்டா வகை எஸ்எஸ்டி என்றால், ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டில் இணைத்த பழைய சாட்டா கேபிளே போதும்.

வயதானதால் பிராசஸர் தேய்ந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள்; தூசி அடைத்துச் சூடேறாதவரை அது வாங்கிய நாளின் வேகத்தில்தான் ஓடுகிறது.